வருடக்கணக்கில் முடியாத தேசிய நெடுஞ்சாலைகள்: நீதிமன்றக் கண்காணிப்பு எங்கே பலிக்கிறது, எங்கே வழுக்குகிறது?

சுங்கச்சுப்பு (இழை தொடக்கம்)

மும்பை–கோவா சாலையில் (தே.நெ. 66) அகலப்படுத்தும் வேலை 2011இல் பன்வெல்–இந்தாப்பூர் 84 கி.மீ. துண்டில் தொடங்கியது. பம்பாய் உயர் நீதிமன்றத்தில் பொதுநல மனு வருடக்கணக்கில் ஓடுகிறது. ஒவ்வொரு விசாரணைக்கும் ஒரு பிரமாணப் பத்திரம், அதில் ஒரு புதுக் கெடு. கெடு தாண்டும், அடுத்த பத்திரம் வரும்.

பாலியேக்கராவில் (தே.நெ. 544, இடப்பள்ளி–மண்ணுத்தி) நடந்தது வேறு மாதிரி. 2025 ஆகஸ்ட் 6 அன்று அடிப்பாதை வேலையால் வந்த நெரிசல் தீராததால் கேரள உயர் நீதிமன்றம் நான்கு வாரத்துக்குச் சுங்க வசூலையே நிறுத்திவிட்டது. தேசிய நெடுஞ்சாலை ஆணையம் உச்ச நீதிமன்றம் போயும் ஆகஸ்ட் 19 அன்று வெறுங்கையோடு திரும்பியது. வசூல் மறுபடி தொடங்கியது அக்டோபர் 17 அன்றுதான், அதுவும் கட்டணத்தைக் கூட்டக்கூடாது என்ற நிபந்தனையோடு.

இரண்டு இடத்திலும் அரசியலமைப்பின் 226ஆவது பிரிவுதான், அதாவது அரசுக்கு உத்தரவிடும் உயர் நீதிமன்றத்தின் ரிட் அதிகாரம். ஆனால் ஒன்றில் கடிவாளம் கையில் இருந்தது, மற்றதில் காலண்டர் மட்டும் இருந்தது. மனுவில் எதைக் கேட்டால், உத்தரவில் எது எழுதப்பட்டால் களத்தில் வேலை நகரும்? "கோர்ட்டுக்கு என்ஜினீயரிங் தெரியாது" என்ற பதில் வேண்டாம், அது எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

---

கி.மீ.கல்

கெடுவைக் கேட்பதே முதல் தப்பு. சதவீதத்தைக் கேட்பது இரண்டாவது தப்பு.

"92% முடிந்தது" என்று பத்திரத்தில் வந்தால் அது பெரும்பாலும் பொய்யில்லை. ஈ.பி.சி. ஒப்பந்தத்தில் (வடிவமைப்பு, கொள்முதல், கட்டுமானம் மூன்றும் ஒரே ஒப்பந்ததாரரிடம்) ஷெட்யூல் எச் என்று ஒன்று உண்டு. சாலை வேலைக்கு இத்தனை, பெரிய பாலங்களுக்கு இத்தனை, இதர வேலைக்கு இத்தனை என்று ஒப்பந்தத் தொகை அதில் பிரிக்கப்பட்டிருக்கும். அந்த எடையை வைத்துத்தான் சதவீதம் போடுகிறார்கள். 30 கி.மீ. பேக்கேஜில் (ஒரே ஒப்பந்தமாகக் கொடுத்த துண்டு) ஒரு ரயில்வே மேம்பாலமும் அதன் இருபக்க அணுகுசாலையும் மொத்தத்தில் 8% எடை என்று வையுங்கள். அது ஒன்று நின்றாலும் கணக்கு 92 காட்டும். வண்டிக்காரனுக்கோ அந்த இடத்தில் ஒற்றை வழி, லெவல் கிராசிங், அரை மணி நேரம்.

இன்னொரு வித்தை டீலிங்க். நிலம் கிடைக்காத துண்டை ஒப்பந்தப் பணியிலிருந்தே எடுத்துவிட வழி இருக்கிறது. எடுத்தவுடன் வகுக்கும் எண் சுருங்கும், சதவீதம் ஏறும். சாலையில் ஒரு கூடை மண் விழாமலேயே முன்னேற்றம்! அந்தத் துண்டுக்குப் பிறகு தனி டெண்டர் வர வேண்டும். அது வருமா என்று யாரும் கேட்பதில்லை, ஏனென்றால் வழக்கு பழைய பேக்கேஜின் பெயரில் ஓடுகிறது.

அதனால் கேட்க வேண்டியது ஸ்ட்ரிப் பிளான். எந்தச் செயினேஜிலிருந்து (சாலையின் தொடக்கத்திலிருந்து அளந்த தூரம்) எந்தச் செயினேஜ் வரை, இடப்பக்கம் தனியாக, வலப்பக்கம் தனியாக, எந்த அடுக்கு முடிந்திருக்கிறது: மண்கரை, அதன் மேலடுக்கான சப்கிரேடு, ஜல்லி அடுக்குகளான ஜி.எஸ்.பி., வெட்மிக்ஸ், தார் அடுக்குகளான டி.பி.எம்., பி.சி. கீழேயே பாலம், கல்வெர்ட், அடிப்பாதைகளின் பட்டியல். முடியாத ஒவ்வொரு துண்டுக்கும் ஒரே ஒரு காரணம், பொறுப்பான அலுவலகத்தின் பெயர். டீலிங்க் செய்த துண்டும் அதே தாளில் சிவப்பில் இருக்க வேண்டும். இந்தத் தாள் திட்ட அலுவலகத்தில் ஏற்கெனவே இருக்கிறது, மாதாந்திர முன்னேற்ற அறிக்கையின் இணைப்பாக. புதிதாக யாரும் தயாரிக்க வேண்டியதில்லை. நீதிமன்றத்துக்கு மட்டும்தான் அது வருவதில்லை.

---

ரிட்_மனு

கி.மீ.கல் சொன்னதோடு சட்டப் பக்கத்தைச் சேர்க்கிறேன்.

"நிலம் கையகப்படுத்தல் நடந்துகொண்டிருக்கிறது" என்ற ஒற்றை வரியை எந்த அமர்வும் ஏற்கக்கூடாது. 1956ஆம் ஆண்டு தேசிய நெடுஞ்சாலைகள் சட்டத்தில் அதற்குப் படிகள் உள்ளன. நிலம் எடுக்கப்போவதாகச் சொல்லும் 3ஏ அறிவிப்பு. 21 நாட்களுக்குள் 3சி ஆட்சேபம். 3ஏ வந்த ஓராண்டுக்குள், நிலம் எடுக்கப்படுகிறது என்ற 3டி பிரகடனம். தவறினால் 3ஏ காலாவதி, மறுபடி முதலிலிருந்து. ஆனால் நீதிமன்றத் தடை இருந்த காலம் அந்த ஓராண்டில் சேராது. பிறகு 3ஜி இழப்பீட்டு ஆணை, 3எச் படி தொகையைக் கட்டுதல், 3ஈ படி 60 நாள் அறிவிப்பு, அதன் பிறகே சுவாதீனம்.

3டி வந்துவிட்டால் நிலம் கைக்கு வந்துவிட்டது என்று அரசுத் தரப்பு சொல்லும். சட்டப்படி உரிமை ஒன்றிய அரசுக்கு வந்துவிடும், உண்மைதான். ஆனால் பணம் கட்டாமல் 3ஈ அறிவிப்பு கொடுக்க முடியாது. வீடும் கடையும் உள்ள ஊர்ப் பகுதியில் கட்டடத்துக்குப் பொதுப்பணித் துறை மதிப்பீடு, மரத்துக்குத் தோட்டக்கலை அல்லது வனத்துறை மதிப்பீடு என்று 3ஜி கோப்பு மேசை மேசையாக நகரும். பல திட்டங்களில் உண்மையான தேக்கம் 3டிக்கும் 3எச்சுக்கும் நடுவில்தான். எனவே ஒவ்வொரு கிராமத்துக்கும், ஒவ்வொரு புல எண்ணுக்கும் எந்தப் படி, எந்தத் தேதி என்று அட்டவணை கேளுங்கள். நிலுவையில் உள்ள நில வழக்குகளின் எண்களையும் வாங்கி, அவற்றை அதே அமர்வின் முன் சேர்த்துப் பட்டியலிடக் கோருங்கள். ஒரு கோர்ட் ஹாலில் "சீக்கிரம் முடி" என்ற உத்தரவும் பக்கத்து ஹாலில் அதே நிலத்துக்குத் தடையும் இருப்பது அபூர்வமல்ல.

பலர் குழப்பிக்கொள்ளும் இடம் ஒன்று. 2018 திருத்தத்தில் குறிப்பிட்ட நிவாரணச் சட்டத்துக்கு (Specific Relief Act) 20ஏ, 41(எச்ஏ) ஆகிய பிரிவுகள் வந்தன. உள்கட்டமைப்புத் திட்டத்தைத் தாமதப்படுத்தும் தடையாணை கூடாது என்பவை இவை. உரிமையியல் வழக்குக்கான பிரிவுகள். ரிட் அதிகாரத்தை இவை குறைக்கவில்லை. ஆனால் நடைமுறையில் ரிட் அமர்வுகளும் தடை கொடுக்கத் தயங்குவதற்கு இவற்றை மேற்கோள் காட்டுகின்றன.

---

மண்லாரி

நிலம் கிடைச்சாச்சு, காசும் இருக்கு. மண் எங்கே சார்?

கணக்கு போட்டுப் பாருங்க. நாலுவழிச் சாலைக்கு மண்கரை, மேல் அகலம் 25 மீட்டர், சராசரி உயரம் 3 மீட்டர், பக்கச் சரிவு ஒன்றுக்கு இரண்டு. குறுக்கு வெட்டு 93 சதுர மீட்டர். ஒரு கிலோமீட்டருக்கு 93,000 கன மீட்டர் இறுகிய மண். அள்ளும்போது உதிரியா உப்பிடும், ஐந்தில் ஒரு பங்கு கூட்டினா சுமார் 1.1 லட்சம் கன மீட்டர். பத்துச் சக்கர டிப்பரில் 14 கன மீட்டர் ஏறும்னா ஏறக்குறைய 8,000 நடை. பாக்கி 10 கி.மீ. இருந்தா 80,000 நடை. ஒரு நாளைக்கு 200 நடை ஓடினாலும் 400 வேலை நாள். இதுல "ஆறு மாதத்தில் முடிக்கவும்"னு உத்தரவு வந்தா யார் என்ன பண்ணுவா?

அந்த 200 நடைக்குக் குவாரி அனுமதி வேணும். 2020 மார்ச் 28 அறிவிப்புல, சாலை மாதிரியான நீள்வாட்டுத் திட்டங்களுக்குச் சாதாரண மண் எடுக்கச் சுற்றுச்சூழல் அனுமதி வேண்டாம்னு ஒன்றிய அரசு விலக்கு கொடுத்தது. 2024 மார்ச் 21 அன்று உச்ச நீதிமன்றம் அந்த விலக்கை ரத்து பண்ணிடுச்சு. தப்புன்னு சொல்லல, அளவு இல்லை, இடக் கட்டுப்பாடு இல்லை, கேள்வி கேட்க ஆள் இல்லை, அப்படி ஒரு விலக்கு நிக்காதுதான். ஆனா அதுக்கு முன்னாடி போட்ட வேலைத் திட்டத்தையே இன்னும் கோர்ட்ல காட்டிட்டு இருந்தா அது காகிதம்தான்.

ஏரி வண்டல் எடுங்கன்னு வெளியே இருந்து சொல்லுவாங்க. திரவ எல்லை 70, நெகிழ்வுக் குறியீடு 45 (ஈரத்துல மண் எவ்ளோ குழையும்னு காட்டுற அளவுகள்) தாண்டின களிமண்ணு சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தோட விவரக்குறிப்புப்படி கரைக்கு ஆகாது. வண்டல் அங்கேதான் அடிபடும். அனல் மின் நிலையத்துக்கு 300 கி.மீ. சுற்றளவுல இருந்தா உலர்சாம்பல் பயன்படுத்தணும்னு விதி இருக்கு. அதுக்கும் ரெண்டு பக்கமும் நல்ல மண்ணால போர்வை போடணும், இல்லேன்னா முதல் மழைக்கே கரைஞ்சு ஓடும்.

மனுவுல மாவட்ட ஆட்சியரையும் கனிமவளத் துறையையும் எதிர்மனுதாரரா சேர்க்காம நெடுஞ்சாலை ஆணையத்தை மட்டும் சேர்த்தா, விசாரணைக்கு விசாரணை "மண் அனுமதி நிலுவையில்"னு ஒரே பதில்தான் வரும்.

---

சுங்கச்சுப்பு

மண்லாரி அண்ணே, மழைக்காலமும் இதில் வருமல்லவா? கொங்கணில் "டிசம்பர் 31" என்று கெடு சொல்வதைப் பலமுறை பார்த்தாயிற்று.

---

மண்லாரி

அதுதான் பெரிய வேடிக்கை. அங்க ஜூன்ல இருந்து செப்டம்பர் வரைக்கும் மண்வேலையும் தார்வேலையும் கிடையாது. டிசம்பர் கெடுன்னா அக்டோபர், நவம்பர், டிசம்பர், அவ்ளோதான். மழையில் போன சர்வீஸ் ரோட்டைச் சரி பண்ணவே பாதி போயிடும். மே 31 கெடு சொன்னா ஒரு முழு சீசன் கிடைக்கும். நம்ம ஊர்ல வடகிழக்குப் பருவமழை, அதனால டிசம்பர் கெடு இன்னும் மோசம். மண்ணை, இறுகினா 200 மி.மீ. வர்ற அடுக்கா விரிச்சு, ஈரம் சரியான அளவுல இருக்கும்போது உருளை ஓட்டி, மணல் மாற்றுச் சோதனையில (இறுகின அடர்த்தியை அளக்கிறது) 95% வரணும், மேல் 500 மி.மீ. சப்கிரேடுக்கு 97%. 3 மீட்டருக்கு 15 அடுக்கு. ஈர மண்ணுல உருளை ஓட்டினா ரப்பர் மாதிரி எழும்பும், அடர்த்தி வராது.

---

பேரிங்

கெடுவை நெருக்கினால் வரும் ஆபத்தையும் பேச வேண்டும். 2023 அக்டோபர் 16 அன்று சிப்லூணில் கட்டிக்கொண்டிருந்த மேம்பாலத்தின் கர்டர்களும் (தூண்கள் மேல் கிடக்கும் உத்திரங்கள்) அவற்றைத் தூக்கும் லாஞ்சரும் சரிந்து விழுந்தன. அது மும்பை–கோவா சாலையின் துண்டுதான். காரணம் எதுவாக இருந்தாலும், கர்டர் வேலையில் சில நாட்களைச் சுருக்கவே முடியாது. கான்கிரீட் குறிப்பிட்ட வலு அடையாமல் அதனுள் உள்ள எஃகுக் கேபிளை இழுக்கக்கூடாது. பேரிங் (தூண் மேலுள்ள தாங்கி) மேல் உட்காரவைத்த கர்டரை, கர்டர்களைப் பிணைக்கும் குறுக்கு டயாஃப்ரம் போடும் வரை பக்கவாட்டில் பிடித்து நிறுத்தாமல் விடக்கூடாது.

2025 மே 19 அன்று மலப்புரம் கூரியாட்டில் வயல்வெளி நடுவே உயர்த்திய சாலை உட்கார்ந்தது. அங்கே பலவீனமான அடிமண். அப்படிப்பட்ட நிலத்தில் கல்தூண்களோ செங்குத்து வடிகால்களோ போட்டு, மேலே பாரம் ஏற்றி, மண் இறங்கும் வரை மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். இறங்குவதை அளக்கும் தட்டுகளின் அளவீடு நின்றுவிட்டது என்று தெரிந்த பிறகே மேல் அடுக்கு. அந்த மாதங்களை எந்த நீதிமன்றமும் குறைக்க முடியாது. இல்லாவிட்டால் வயடக்ட் (தூண்கள் மேல் செல்லும் பாலச் சாலை) கட்ட வேண்டும், கூரியாட்டில் கடைசியில் அதற்குத்தான் போனார்கள்.

ஆகவே அமர்வு கேட்க வேண்டியது "எப்போது முடியும்" என்பதோடு "எந்த வேலையின் காலத்தைக் குறைத்து இந்தத் தேதியைக் கொண்டுவந்தீர்கள்" என்பதும்.

---

ரிட்_மனு

நல்ல கேள்வி. திருத்திய வேலை அட்டவணையோடு பழைய அட்டவணையையும் பக்கத்தில் வைத்துத் தாக்கல் செய்யச் சொன்னால் போதும். குறைத்த இடம் தானாகத் தெரியும்.

---

ஒப்பந்தப்புலி

யாரும் தொடாத இடத்துக்கு வருகிறேன். ஒப்பந்தக் கோப்பும் நீதிமன்றப் பத்திரமும் ஒன்றுக்கொன்று முரணாகப் பேசும். அதைப் பிடித்தால் பாதி வழக்கு ஜெயித்த மாதிரி.

ஈ.பி.சி. மாதிரி ஒப்பந்தத்தில் தாமதத்துக்கு இழப்பீடு நாளொன்றுக்கு ஒப்பந்தத் தொகையில் 0.05%, உச்சவரம்பு 10%. 500 கோடி ரூபாய் வேலை என்றால் நாளொன்றுக்கு 25 லட்சம், அதிகபட்சம் 50 கோடி. 200ஆவது நாளில் உச்சவரம்பு தொட்டுவிடும். 201ஆவது நாளிலிருந்து ஒப்பந்ததாரருக்குத் தாமதம் இலவசம். அதன் பிறகு ஆணையத்தின் கையில் இருப்பது ஒப்பந்த ரத்து மட்டும்.

ஆனால் அந்த 0.05% கூடப் பெரும்பாலும் பிடிக்கப்படுவதில்லை. காரணம் காலநீட்டிப்பு. அப்பாயின்டட் தேதியில் (ஒப்பந்தக் காலம் ஓடத் தொடங்கும் நாள்) ஈ.பி.சி.யில் 90% நிலமும், அரசும் ஒப்பந்ததாரரும் முதலீட்டைப் பகிரும் ஹாம் முறையில் 80% நிலமும் கையில் இருக்க வேண்டும். காகிதத்தில் இருக்கும், களத்தில் துண்டு துண்டாக இருக்கும். 300 மீட்டர் இங்கே, 400 மீட்டர் அங்கே என்றால் சாலை அடுக்கை விரிக்கும் பேவர் இயந்திரத்தை இறக்கவே கட்டாது. உடனே ஒப்பந்ததாரர் கடிதம் எழுதுவார், பொறியாளர் "தாமதம் ஆணையத்தின் பேரில்" என்று பரிந்துரைப்பார், நீட்டிப்பு கிடைக்கும். அதே மாதத்தில் நீதிமன்றத்தில் "ஒப்பந்ததாரரின் மெத்தனம், எச்சரிக்கை கொடுத்துள்ளோம்" என்று பத்திரம் தாக்கலாகும். இரண்டையும் ஒரே மேசையில் வைக்கச் சொல்லுங்கள். காலநீட்டிப்புப் பரிந்துரைகள் அனைத்தும், ஒவ்வொன்றிலும் எத்தனை நாள் யார் பேரில் எழுதப்பட்டது, எவ்வளவு இழப்பீடு உண்மையில் பிடிக்கப்பட்டது. இந்த மூன்றையும் கேட்ட மனுக்கள் அபூர்வம்.

"ரத்து செய்" என்று அமர்வு கோபத்தில் சொல்வதும் எளிதல்ல. 60 நாள் சரிசெய்யும் அவகாச நோட்டீஸ், பிறகு ரத்து நோக்க நோட்டீஸுக்கு 15 நாள், ரத்து, கூட்டு அளவீடு, மீதி வேலைக்கு மதிப்பீடு, டெண்டர், ஏற்புக் கடிதம், புதிய அப்பாயின்டட் தேதி. நடுவில் பழையவர் நடுவர் மன்றம் போவார். பாட்னா–கயா–டோபி சாலையில் பழைய ஒப்பந்தம் போய், வேலை பிரித்துக் கொடுக்கப்பட்டு, பாட்னா உயர் நீதிமன்றம் விடாமல் பின்தொடர்ந்து, 2025 மே மாதம்தான் திறப்பு விழா. ராஞ்சி–ஜம்ஷெட்பூர் (பழைய தே.நெ. 33) வேறு பாடம். ஜார்க்கண்ட் உயர் நீதிமன்றம் கிளறிய பிறகு, வங்கிக் கடன் திசைதிரும்பியதாக 2019இல் சிபிஐ வழக்குப் பதிந்தது. பி.ஓ.டி. சாலை (தனியார் கட்டி, சுங்கம் வசூலித்து, பிறகு ஒப்படைப்பது) நின்றால், திட்டப் பணம் போய்வரும் எஸ்க்ரோ கணக்கு அறிக்கையைக் கேட்காமல் ஜல்லியை எண்ணிப் பயனில்லை.

---

கூவக்கரை

சென்னைக்காரர்கள் இதை மறக்கக்கூடாது: நீதிமன்றத்தில் ஜெயிப்பதும் சாலை வருவதும் வேறு வேறு. துறைமுகம்–மதுரவாயல் உயர்மட்டச் சாலைக்கு 2009 ஜனவரியில் அடிக்கல், சுமார் 19 கி.மீ. 2012இல் கூவத்தின் நீரோட்டத்தைத் தூண்கள் தடுக்கும் என்று மாநில அரசு வேலையை நிறுத்தியது. 2014 பிப்ரவரியில் சென்னை உயர் நீதிமன்றம் அந்த நிறுத்தத்தை ரத்து செய்தது. அன்றே வேலை தொடங்கியிருக்க வேண்டுமல்லவா? மேல்முறையீடு, ஒப்பந்தம் போனது, வடிவமைப்பை மாற்றியது என்று இழுத்து, இரண்டடுக்கு வடிவத்தில் மறுபடி அடிக்கல் நாட்டியது 2022 மே மாதம். தடையை நீக்கிய உத்தரவு, அடுத்து யார் எதை எந்தத் தேதிக்குள் செய்ய வேண்டும் என்று சொல்லவில்லை. வழக்கு முடித்துவைக்கப்பட்டதும் கேட்க ஆளில்லை.

---

சுங்கச்சுப்பு

அதனால்தான் சுங்கத்தை நிறுத்துவதே சரியான கடிவாளம் என்கிறேன். 2020 டிசம்பரில் மதுரவாயல்–வாலாஜாபேட்டை சாலையின் நிலையைப் பார்த்துச் சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கெடுத்து, பாதிக் கட்டணம்தான் வசூலிக்க வேண்டும் என்றதே.

---

ஒப்பந்தப்புலி

பாதிதான் ஒப்புக்கொள்வேன், சுப்பு சார். முதலில், கட்டி முடிக்காத புதுச் சாலையில் சுங்கச்சாவடியே இருக்காது, நிறுத்த ஒன்றுமில்லை. மும்பை–கோவாவில் அதனால்தான் அந்தக் கடிவாளம் கிடைக்கவில்லை. இரண்டாவது, நிறுத்திய பணம் யார் தலையில் விழும் என்று பார்க்க வேண்டும். பாலியேக்கராவில் வசூல் நிறுவனம் என்ன வாதிட்டது? நெரிசலுக்குக் காரணம் வேறு ஒப்பந்ததாரரின் அடிப்பாதை வேலை, எங்களை ஏன் தண்டிக்கிறீர்கள் என்றது. அப்படியானால் நிறுவனம் ஆணையத்திடம் இழப்பீடு கோரும், ஆணையம் அதைப் பொதுப் பணத்திலிருந்து கொடுக்கும். ஆணையமே வசூலிக்கும் அரசு நிதிச் சாலையில் அந்தச் சிக்கல் இல்லை. மூன்றாவது, மேலே நிற்காமல் போகலாம். 2025 ஜூனில் மதுரை–தூத்துக்குடி சாலையில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை வசூலுக்குத் தடை போட்டது. சில நாட்களில் உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவுக்கே தடை விதித்தது.

---

ரிட்_மனு

பாலியேக்கராவில் உத்தரவு தாக்குப்பிடித்ததற்கு ஒரு காரணம் ஆவணம். ஆட்சியர் தலைமையிலான குழு களத்துக்குப் போய் எந்தெந்த இடத்தில் நெரிசல் என்று பட்டியல் கொடுத்துக்கொண்டே இருந்தது. ஆணையத்தின் பேச்சை மறுக்க அரசு அலுவலரின் அறிக்கையே கையில் இருந்தது. மற்ற இடங்களில் களத்தைப் பார்த்துவர ஒரு வழக்கறிஞரை நீதிமன்றம் ஆணையராக அனுப்பும்போதும் இதையே செய்யலாம்: செயினேஜ், நேரம், ஜி.பி.எஸ். குறியோடு புகைப்படம், இரு தரப்புக் கையெழுத்து. "சாலை மோசமாக உள்ளது" என்று எழுதிய அறிக்கை மேல்முறையீட்டில் கால் மணி நேரம் தாங்காது.

முழு நிறுத்தத்துக்குப் பதிலாகக் குறைத்த கட்டணம், அல்லது வசூல் தொகையைத் தனிக் கணக்கில் வைத்து அதே துண்டின் பழுதுக்குச் செலவிடுவது என்று மாற்றுக் கோரிக்கையும் சேர்த்து வையுங்கள். அமர்வுக்கு நடுவழி ஒன்று இருந்தால் கை நீளும்.

---

கி.மீ.கல்

இடைக்கால நிவாரணத்தையும் விட்டுவிடாதீர்கள். புதுச் சாலை முடியும் வரை பழைய சாலையைப் பராமரிப்பது ஒப்பந்ததாரரின் கடமை, ஒப்பந்தத்திலேயே இருக்கிறது. மாற்றுப் பாதைக்கு ஐ.ஆர்.சி. எஸ்.பி. 55 (சாலை வேலை நடக்கும் இடத்துக்கான பாதுகாப்பு வழிகாட்டி) விதிப்படி பலகை, தடுப்பு, இரவில் ஒளிரும் பட்டை. இதற்கு நிலமோ வன அனுமதியோ வேண்டாம், அதனால் சாக்கும் கிடையாது. உயிர் போவது இங்கேதான்.

---

கூவக்கரை

கெடு மீறினால் அவமதிப்பு வழக்கு போட்டால் என்ன? ஏன் யாரும் போடுவதில்லை?

---

ரிட்_மனு

போடுகிறார்கள், நிற்பதில்லை. வேண்டுமென்றே மீறியதாகக் காட்ட வேண்டும். பத்திரத்தில் "முயற்சி செய்யப்படும்", "எதிர்பார்க்கப்படுகிறது" என்று எழுதியிருப்பார்கள், அது வாக்குறுதியே அல்ல. எழுதிய திட்ட இயக்குநரும் மாறுதலாகிப் போயிருப்பார். தேதி சொல்லும் அன்றே, அதைச் சொன்ன அதிகாரியின் பதவிப் பெயரோடு நீதிமன்றத்துக்கு அளித்த உறுதிமொழியாக உத்தரவில் பதியக் கோருங்கள். பொறுப்பேற்பவர் அதற்குக் கட்டுப்பட்டவர் என்றும் ஒரு வரி. மீறிய நாளிலிருந்து ஓராண்டுக்குள் அவமதிப்பு நடவடிக்கை தொடங்க வேண்டும், 1971 சட்டத்தின் 20ஆவது பிரிவு. கெடு நீண்டுகொண்டே போகும்போது எந்த நாளிலிருந்து ஓராண்டு என்பதே சண்டையாகும். எனவே நீட்டிக்கும் ஒவ்வொரு உத்தரவிலும் பழைய மீறலுக்கான உரிமை விட்டுக்கொடுக்கப்படவில்லை என்று எழுத வைக்க வேண்டும்.

---

சுங்கச்சுப்பு

சரி, மனு போடும் முன் தகவல் உரிமையில் எதெல்லாம் வாங்கலாம்?

---

கி.மீ.கல்

கடைசி ஆறு மாதத்தின் முன்னேற்ற அறிக்கைகள், ஸ்ட்ரிப் பிளான் இணைப்போடு. காலநீட்டிப்பு உத்தரவுகள். டீலிங்க் செய்த துண்டுகளின் செயினேஜ் பட்டியல். 3எச் படி கட்டிய தொகை, கிராம வாரியாக. ரயில்வே பாலம் இருந்தால் ஜி.ஏ.டி. (பாலத்தின் பொது வரைபடம்) ஒப்புதல் தேதியும் ரயில்வேக்குக் கட்டிய பணத்தின் தேதியும். உயர் அழுத்த மின்கோபுரம் குறுக்கே நின்றால் மின்வாரியத்தின் மதிப்பீட்டுத் தேதி. "ஏன்", "எப்போது" என்று கேட்காதீர்கள், அது தகவல் அல்ல என்று திருப்பி அனுப்புவார்கள். ஆவணத்தின் பெயரைச் சொல்லி நகல் கேளுங்கள். திட்டச் செயலாக்கப் பிரிவுக்கு ஒரு மனு, மாவட்ட நிலமெடுப்பு வருவாய் அலுவலருக்கு ஒரு மனு, தனித்தனியாக. ஒரே மனுவாகப் போட்டால் நிலக் கணக்கு "எங்களிடம் இல்லை" என்று வரும்.